பிள்ளை கையில் உளி

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஓவியமும் தச்சு வேலையும் முறையாகச் சொல்லித்தரலாம் என்று போன கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா எழுந்து, "எங்க கையில இருக்கிற காய்ப்பு போதாதா சார், பிள்ளை கையிலயும் வரணுமா?" என்றார். இன்னொருவர், "இது குலக்கல்வி" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் நினைத்தது தவறா?

ர., கோத்தகிரி

அன்புள்ள ர.,

நீங்கள் நினைத்தது தவறில்லை. அந்த அம்மா கேட்டதும் தவறில்லை. அவருக்குப் பதில் சொல்லிவிட்டுப் பட்டறையைத் திறங்கள்.

1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைப் பிள்ளை பழக வேண்டும். நாடே கொதித்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். குலக்கல்வி என்று அதற்கு வந்த அந்தப் பெயர் இன்றைக்கும் சுடுகிறது.

எனக்கும் சுடும். என் அப்பா குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் தச்சர். ஏழாம் வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு ஒரு வாத்தியார், "உனக்கெதுக்குடா இதெல்லாம், அதான் வீட்ல உளி இருக்கே" என்றார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாமான் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதுவரை அவர் சில்வர் ஓக் பலகையை இழைக்கும்போது பக்கத்திலேயே நிற்பேன். இழைப்புளியின் வாயிலிருந்து சீவல் சுருண்டு சுருண்டு விழும். பலகையின் முகத்தில் மீன் செதில் மாதிரிப் பூ தெரியும். மரத்தின் ரேகை எதிராகத் திரும்பும் இடம் அவருக்குக் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும், சத்தம் கரகரக்கும். உடனே பலகையைத் திருப்பிப் போடுவார். அந்தக் காது எனக்கு வாய்க்கவில்லை. அவர் பூட்டியதில் நியாயம் இருந்தது. ஆனாலும் எனக்கு அது நஷ்டம்தான்.

அதனால் அந்த அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். அன்றைக்குத் தச்சர் பிள்ளைக்கு மட்டும்தான் உளி என்றார்கள். இங்கே உங்கள் மகள் கையில் இருக்கும் அதே உளி தலைமையாசிரியர் மகன் கையிலும் இருக்கும். கணக்கு, அறிவியல் பாடவேளை ஒன்றுகூடக் குறையாது. ஓவியத்துக்கும் தொழிற்கல்விக்கும் கால அட்டவணையில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் வேறு பாடம் அதை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதைத் திரும்ப வாங்குங்கள், போதும். இந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம்.

சொல்லித்தர ஆள்? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஓவியத்துக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர். 2012-ல் தமிழகத்தில் மாதம் 5,000 ரூபாய்க்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். நம் மலையில் எத்தனை பள்ளி அந்த நூறைத் தொடும்? இது சமவெளிக் கணக்கு. பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒருவரைக் கேளுங்கள். தோடருக்கும் படகருக்கும் தலைமுறை தலைமுறையாகக் கருவி செய்து கொடுத்த கோத்தர்கள் நம் மலையில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் வருவாரானால் ஆசிரியர் என்ற பெயரோடும் சம்பளத்தோடும் வரட்டும். ஆண்டு விழாவுக்கு மட்டும் அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள்.

முதல் மாதம் உளியே வேண்டாம், வரையட்டும். நம் பிள்ளைகளை மலை வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோணம், நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம்! கோத்தகிரியில் ஏது தென்னை? ஜன்னலைத் திறந்தால் சோலையும் உருண்ட மேடும் தெரிகிறது, கை பாடப்புத்தகத்துப் படத்தை வரைகிறது. நம் பக்கத்து வெள்ளரிக்கொம்பை ஊரில் குறும்பர் பழங்குடி மக்கள் தேன் எடுக்கும் காட்சியை வேங்கைப் பிசினாலும் இலைச்சாற்றாலும் தீட்டுகிறார்கள், அதைக் காட்டுங்கள். பிறகு வகுப்பு முக்காலியை முன்னால், பக்கவாட்டில், மேலே என்று மூன்று விதமாக வரையச் சொல்லுங்கள். வரைந்த பிள்ளைக்கு எங்கே துளை, எங்கே பொருத்து என்று பாதி புரிந்திருக்கும்.

மரத்துக்கு அலைய வேண்டாம். பட்டா நிலத்து மரமானாலும் 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. பழைய பேக்கிங் பெட்டி, மரக்கடையில் மிஞ்சும் துண்டு போதும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காயும்போது முறுக்கிக்கொள்ளும், தொடங்குகிறவர்களுக்கு ஆகாது. உண்ணிச்செடிக் (லாண்டானா) கம்பு வேண்டிய மட்டும் கிடைக்கும். வேகவைத்துத் தோலுரித்தால் நாற்காலியே பின்னலாம். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அந்தக் கம்பில் செய்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

மெஷின் எதுவும் வாங்காதீர்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், கைக்கருவி மட்டும். தீட்டுவதை முதலில் சொல்லிக்கொடுங்கள், மழுங்கின உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும்.

அப்பாவின் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டு இழைப்புளி, ஒரு மூலைமட்டம், நாலு உளி. அலகெல்லாம் துருப்பிடித்திருக்கிறது. சாணை பிடித்து அடுத்த மாதம் கோத்தகிரிக்குக் கொண்டுவருகிறேன். அந்த அம்மாவையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள்.