பென்ஷன் யார் பணம்?

அன்புள்ள ஐயா,

மழை வந்தால் எங்கள் கணேசபுரம் சுரங்கப்பாதை முழுகிவிடுகிறது. அதைச் சரிசெய்யப் பணமில்லை, ராணுவத்துக்கு மட்டும் லட்சக்கணக்கான கோடி. அதிலும் கால்வாசி ஓய்வு பெற்றவர்களுக்கே போகிறதாம். எங்கள் தெருவில் ஒரு மிலிட்டரிக்காரர் நாற்பது வயதிலேயே வந்துவிட்டார். பென்ஷனும் வாங்குகிறார், வங்கியில் செக்யூரிட்டி வேலையும் பார்க்கிறார். இது நியாயமா?

எஸ்., வியாசர்பாடி

அன்புள்ள எஸ்.,

சுரங்கப்பாதை பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. மழைநீர் வடிகால் மாநகராட்சியும் மாநில அரசும் பார்க்க வேண்டிய வேலை, அவர்களை விடாமல் கேளுங்கள். அதை அந்த மிலிட்டரிக்காரர் தலையில் கட்டாதீர்கள்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்குச் சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் பென்ஷன் சுமார் 1.61 லட்சம் கோடி. நீங்கள் சொன்ன கால்வாசி ஏறக்குறைய சரி. ஆனால் அது சிப்பாய்களுக்கு மட்டும் போகும் பணமில்லை. பெரம்பூரிலும் வில்லிவாக்கத்திலும் ரயிலேறி ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்குப் போய் உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அதிலிருந்துதான் வருகிறது.

நாற்பது வயதில் ஓய்வு என்பது அவர் விரும்பி எடுத்ததா? படைக்கு இளைஞர்கள்தான் வேண்டும். 2022-க்கு முன் பதினெட்டு பத்தொன்பது வயதில் சேர்ந்த சிப்பாய்க்குப் பதவி உயர்வு கிடைக்காவிட்டால் நாற்பதுக்குள் அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் சம்பளம் பாதியாகிறது. வங்கி வாசலில் அவர் நிற்பது அதனால்தான்.

1982 டிசம்பர் 17 அன்று, ஓய்வூதியம் பற்றிய நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல, செய்த வேலைக்கான உரிமை. செலவைக் கேள்வி கேட்க வேண்டுமா, தளவாடக் கொள்முதல் பக்கம் போங்கள். 83 தேஜஸ் போர் விமானங்களுக்கு 2021-இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டிய முதல் விமானம் அந்தக் கெடுவில் வரவில்லை.

பென்ஷனைக் குறைக்கும் வழியையும் பார்த்துவிட்டோம். 2022-இல் வந்த அக்னிபத் என்னும் ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு வருடம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாகத் தொடரலாம். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. அரசுக்கு மிச்சம்தான். ஆனால் அந்தப் பாரம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையனின் வீட்டில் வந்து இறங்குகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குப் பெரிய வருத்தம் வேறொன்று. ஒதுக்கிய பணம்கூட எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். கணவரைப் படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் இந்த அம்மாவை வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் பள்ளிக்கூடத்துப் பெயர். இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க, துணிக்கடைப் பை ஒன்றில் கல்யாணப் பத்திரிகை முதல் இறப்புச் சான்று வரை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். போகுமிடமெல்லாம் இன்னொரு காகிதம் கேட்டார்கள். எழுதித் தரக்கூட அங்கே ஆளில்லை.

உங்கள் தெரு மிலிட்டரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்பர்ஷ் என்னும் ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் அவர் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா? மாறியிருந்தால், அவரே கையெழுத்துப் போடும் காலத்திலேயே திருத்திவிடச் சொல்லுங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.