டார்ச் லைட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கான பணம் ஃபேக்டரியிலிருந்து மாதம் ஒருமுறைதான் வரும். கணவர் குன்னூரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். இரவு கடைசி பஸ்ஸில் இறங்கி, தோட்டத்து வழியாக இருபது நிமிடம் நடந்து வர வேண்டும். கரடியும் காட்டெருமையும் நடமாடும் வழி. இரண்டு வருடத்தில் 350 ரூபாய் சார்ஜ் டார்ச் நான்கு வாங்கிவிட்டோம். எல்லாமே ஆறு மாதத்துக்குள் சார்ஜ் நிற்காமல் போகிறது. இப்போது மகன் 4,200 ரூபாய்க்கு ஒரு சின்ன டார்ச்சைக் காட்டுகிறான். வட்டியில்லாமல் ஆறு தவணையாம், 199 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும் கட்டணமாம். 499 ரூபாய்க்கு 'ஒரு லட்சம் லூமன்' என்று இன்னொன்றும் இருக்கிறது. ஒரு டார்ச்சுக்கு எவ்வளவு கொடுக்கலாம், ஐயா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, உள்ளே போடும் பேட்டரி செல்லோடு சேர்த்து 1,200 முதல் 1,500 ரூபாய் வரை கொடுக்கலாம். உங்கள் வீட்டுத் தேவைக்கு அதற்கு மேல் அவசியமில்லை. அதற்குக் கீழே போகவும் வேண்டாம்.

ஏற்கெனவே போன பணத்தை முதலில் பார்ப்போம். நான்கு டார்ச், தலா 350 என்றால் இரண்டு வருடத்தில் 1,400 ரூபாய். வருடத்துக்கு 700. இதில் சேராத கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு டார்ச் கெட்டுப்போய், தேயிலைப் பணம் வரட்டும் என்று அடுத்ததைத் தள்ளிப்போட்ட நாட்களில் அவர் செல்போன் வெளிச்சத்தில்தான் நடந்திருப்பார். அந்த வெளிச்சம் காலடியைக் காட்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் புதரோரம் நிற்கும் காட்டெருமையைக் காட்டாது. போனில் சார்ஜும் இறங்கிவிட்டால் ஆபத்துக்கு ஒருவரைக் கூப்பிடவும் வழியில்லை. அதனால் இந்தச் செலவை ஆடம்பரத்தில் சேர்க்காதீர்கள். இன்சூரன்ஸ் பிரீமியம் எழுதும் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள்.

அந்த நான்கும் ஏன் செத்தன? பின்பக்கம் தள்ளினால் இரண்டு முள் வெளியே வரும், நேரே சுவர் பிளக்கில் செருகும் ரகம் என்று நினைக்கிறேன். அதற்குள் பெரும்பாலும் இருப்பது 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. அது முழுக்க இறங்கிய நிலையில் கிடக்கவே கூடாது. கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாலும் ஏறாது. மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத ஊரில் இறங்கிய டார்ச் இறங்கியபடியே நாட்கணக்கில் கிடப்பது சகஜம்தானே. இன்னொரு விஷயம், இந்த ரகத்தில் பலவற்றில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. வீட்டு மின்சாரம் ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேராக உள்ளே போகிறது. மூடி உடைந்த டார்ச்சை சார்ஜில் இருக்கும்போது தொட்டால் ஷாக் அடிக்கும். பழையது ஏதாவது வீட்டில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் தேட வேண்டியது, 18650 என்ற லித்தியம் செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய டார்ச். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம் என்பதுதான் அந்த எண்ணின் கணக்கு. டார்ச்சும் உள்ளங்கையில் அடங்கும் அளவில்தான் இருக்கும். நல்ல செல் 300 முதல் 500 தடவை வரை முழு சார்ஜ் தாங்கும். வாரம் இரண்டு தடவை சார்ஜ் போட்டால் வருடத்துக்கு நூறு தடவை ஆகிறது, ஆக மூன்று வருடத்துக்குக் குறையாது. பிறகு செல்லை மட்டும் 400 ரூபாய்க்குள் மாற்றிக்கொள்ளலாம். டார்ச் 1,400, நடுவில் ஒரு செல் 400, மொத்தம் 1,800. ஐந்து வருடம் ஓடினால் வருடத்துக்கு 360 ரூபாய். இப்போது செலவழிப்பதில் ஏறக்குறைய பாதி. மின்சாரக் கட்டணத்தை விட்டுவிடலாம். ஒரு யூனிட்டில் அறுபது தடவை சார்ஜ் போடலாம்.

கடையில் வாங்கினால் பின் மூடியைத் திருகி செல்லை வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்கவே முடியாதபடி உள்ளே அடைத்து வைத்திருந்தால் வேண்டாம், செல் போன அன்றே டார்ச்சும் போய்விடும். எடுக்க முடிந்தால் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை மில்லி ஆம்பியர்-மணி என்ற அளவில் எழுதியிருப்பார்கள். 18650 அளவில் உண்மையான செல் அதிகபட்சம் 3,500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் வரும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். கையில் வைத்தாலே தெரியும்: நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது, போலி காற்றாக இருக்கும். இந்தியத் தர நிறுவனத்தின் பிஐஎஸ் முத்திரையும் ஆர் (R) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

'ஒரு லட்சம் லூமன்' கதையும் இதே பொய்தான். டார்ச் தரும் வெளிச்சத்தின் அளவுதான் லூமன். 300 லூமன் வெளிச்சத்துக்குச் சுமார் 3 வாட் வேண்டும். 3,000 மில்லி ஆம்பியர்-மணி செல் அதை மூன்று மணி நேரம் கொடுக்கும். ஒரு லட்சம் லூமனுக்கு ஆயிரம் வாட்டாவது தேவை. இஸ்திரிப் பெட்டி இழுக்கும் கரண்ட், சட்டைப்பை டார்ச்சில் எங்கிருந்து வரும்? உங்கள் கணவருக்கு 300 முதல் 500 லூமன் போதும். ஆயிரத்துக்கு மேல் கொடுக்கும் நல்ல சின்ன டார்ச்சுகளும் சில நிமிடத்தில் சூடேறித் தாமாகவே குறைத்துக்கொள்ளும். 'எத்தனை மீட்டர் பாயும்' என்ற எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுநிலா வெளிச்சம் அளவுக்கு ஒளி மங்கும் தூரம் அது. 150 மீட்டர் என்று போட்டிருந்தால், கரடியா கல்லா என்று அடையாளம் தெரிவதற்கு அதில் பாதியைத்தான் நம்பலாம். அதுவே அந்த வழிக்குத் தாராளம்.

உங்கள் ஊர் மூடுபனிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் வெளிச்சம் பனியில் பட்டு முகத்துக்கே திரும்பும், எதிரே வெள்ளைத் திரைதான் தெரியும். இடுப்பளவில் தாழ்த்தி, குறைந்த வெளிச்சத்தில் வைத்து நடக்கச் சொல்லுங்கள். அதனால் இரண்டு மூன்று அளவு வெளிச்சம் உள்ள டார்ச்சாகப் பாருங்கள். தண்ணீருக்கு ஐபிஎக்ஸ்7 இருந்தால் நல்லது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் அர்த்தம். முன்பக்கம் இழுத்து ஜூம் செய்யும் ரகம் வேண்டாம், அந்த இடுக்கு வழியாக ஈரம் புகுந்துவிடும்.

கான்வாய், சோஃபிர்ன் போன்ற சீனத் தயாரிப்புகள் விலைக்கு ஏற்ற தரமானவை. ஆனால் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி சேரும். மொத்த விலையைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இங்கேயே பில்லோடு, ஒரு வருட வாரண்டியோடு கிடைத்தால் நூறு இருநூறு கூடினாலும் அதையே வாங்குவேன்.

மகன் காட்டும் 4,200 ரூபாய் டார்ச் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் தவணை இலவசம் இல்லை. 199 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 235. ஆறு மாதத்தில் கடன் குறைந்துகொண்டே வருவதால், இதை ஆண்டு வட்டியாக்கினால் 20 சதவீதத்தை ஒட்டி வரும். நகைக்கடனுக்குக்கூட பேங்கில் அவ்வளவு வட்டி கிடையாது. மாத வருமானம் தேயிலை விலையோடு ஏறி இறங்கும் வீட்டில், டார்ச்சுக்காக ஒரு தவணை தேதி உருவாக வேண்டாம் என்று மகனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரே மாதத்தில் 1,400 எடுக்க முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்கு 700 ரூபாயாக ஒதுக்குங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் செல்லில் எரியும் எல்இடி டார்ச் ஒன்று 250 ரூபாய்க்குள் கிடைக்கும், அதை இந்த வாரமே வாங்கிக் கொடுங்கள். புதியது வந்ததும் இது வீட்டுக்கு ஸ்பேர். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்ததைப் பார்த்த ஊருக்கு ஸ்பேர் டார்ச்சின் அவசியம் தெரியும். செல்லை மட்டும் உள்ளே போட்டு வைக்காதீர்கள், மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். ஒரு சின்னக் கவரில் போட்டு டார்ச்சோடு ரப்பர் பேண்டில் கட்டி, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுங்கள்.