ஜாரவாக்களைப் பார்க்கலாமா?

அன்புள்ள அண்ணா,

ஜனவரியில் அந்தமான் போகிறேன், வடக்கே திக்லிபூர் வரை. மீனவர் ஊரில் தங்கி, ஆமை முட்டையிடுவதைப் பார்க்க ஆசை. எத்தனை நாள் வேண்டும்? ரோடு வழியாகப் போனால் காட்டில் வாழும் ஜாரவா பழங்குடிகளையும் பார்க்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

ச., பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆமைக்கு ஜனவரி சரியான மாதம்தான். காளிப்பூர் கடற்கரையில் ராத்திரி செல்போன் லைட் மட்டும் அடிக்காதீர்கள், கரையேற வந்த ஆமை அப்படியே திரும்பிவிடும். உப்புநீர் முதலை உள்ள ஊர், கண்ட ஓடையில் இறங்கவும் வேண்டாம்.

சரி, அந்தக் கடைசிக் கேள்வி. போன ஞாயிற்றுக்கிழமையில் இருந்து நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒகேனக்கலில் ஓர் அம்மா மீன் வறுத்துக்கொண்டிருந்தார், மசாலா தடவிய கெண்டை தட்டு நிறைய. வேனில் வந்த பையன்கள் நாலைந்து பேர் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, "மீனை எடுங்க சாமி, என் மூஞ்சி எதுக்கு?" என்றார். சிரித்தார்கள், எடுத்தார்கள், ஒரு துண்டு மீன்கூட வாங்காமல் போய்விட்டார்கள்.

அந்த அம்மாவுக்கு நம் பாஷை தெரியும், திட்டவாவது முடிந்தது. ஜாரவாக்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் காட்டை அறுத்துக்கொண்டுதான் அந்த டிரங்க் ரோடு போகிறது. ஜிர்காதாங் செக்போஸ்ட்டில் வண்டிகளை வரிசை கட்டி, போலீஸ் காவலோடு அனுப்புகிறார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஆனாலும் ஜன்னல் வழியாக பிஸ்கட்டும் வாழைப்பழமும் எறிந்தவர்கள் உண்டு. மொத்தமே சில நூறு பேர், தம்பி. 1998 வாக்கில்தான் காட்டை விட்டு வெளியே வந்து நம்மோடு பழக ஆரம்பித்தார்கள், அடுத்த வருஷமே அம்மை போட்டுவிட்டது. "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம்? வண்டலூருக்கா போகிறீர்கள்? படித்த பிள்ளை இதை என்னிடம் கேட்கலாமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கடலில்லாத மாவட்டத்தில் பிறந்து, காசு சேர்த்துக் கடல் தாண்டிப் போகிற பிள்ளை என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இருந்து ரங்கத் என்ற ஊருக்குக் கப்பல் இருக்கிறது. அங்கே இறங்கி வடக்கே பஸ் பிடித்தால் ஜாரவா காட்டுக்குள் போகவே வேண்டாம். அப்புறம் திக்லிபூர் பக்கத்தில் ஏரியல் பே துறையில் காலையில் போய் நின்று, முதலில் மீன் என்ன விலை என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

ஜனவரியில் கூட்டம் அள்ளும், கப்பல் டிக்கெட்டுக்கு இப்போதே அலையுங்கள். கிடைக்கவில்லை என்று ரோட்டிலேயே போய்விட்டு எனக்கு போட்டோ மட்டும் அனுப்பி வைக்காதீர்கள்.