பேராசிரியராக இருந்துகொண்டு நல்ல கவிஞராகவும் இருக்க முடியுமா?

முடியும். நீங்கள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, கவிதை நோட்டை நெறியாளர் கண்ணில் படாமல் வைத்திருப்பவர் என்று ஊகிக்கிறேன். டெல்லியில் பாரசீகம் படித்தபோது என் கதையும் அதுதான். ஆய்வா கவிதையா, ஒன்றை விட்டுவிடு என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அப்போது அவர் மேசையில் கிடந்தது ஈரானியப் பேராசிரியரும் கவிஞருமான ஷஃபீயி கத்கனி எழுதிய ‘கவிதையின் இசை’!

முகம்மது ரெஸா ஷஃபீயி கத்கனி 1939இல் நிஷாப்பூர் பக்கம் கத்கன் என்ற ஊரில் பிறந்தவர். மஷ்ஹத் மதரசாவில் அரபியும் பழைய இலக்கியமும் கற்று, பிறகு தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் முனைவராகி அங்கேயே பேராசிரியரானார். சூஃபிக் கவிஞர் அத்தாரின் நூல்களைச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தவர். அந்த மனிதர்தான் மீம் சிரெஷ்க் என்ற புனைபெயரில் கவிதையும் எழுதினார். 1971இல் வந்த ‘நிஷாப்பூர் தோட்டச் சந்துகளில்’ தொகுப்பு ஒன்று போதும்.

மொழிப் பயிற்சிக்காகத் தெஹ்ரான் போயிருந்தபோது அவருடைய செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனேன். மாணவராக இல்லாதவர்களும் வந்து உட்காரும் வகுப்பு அது. நாற்காலி கிடைக்கவில்லை, கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். பாதிதான் புரிந்தது. அன்று மாலை டாக்சிக்காரரிடம் அவர் பெயரைச் சொன்னதும், கியரை மாற்றிக்கொண்டே ‘பயணம் நலமாகட்டும்’ கவிதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மண்ணில் கால் கட்டுண்ட முட்செடி, ஓடும் தென்றலைப் பார்த்து எங்கே இவ்வளவு அவசரம் என்று கேட்கும் கவிதை. சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் அடித்தும் அவர் நிறுத்தவில்லை. பேராசிரியர் எழுதினால் யார் படிப்பார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஹாரன்தான் ஞாபகம் வரும்.

ஈரானின் பெரிய நவீனக் கவிஞர்களான ஷாம்லூவும் ஃபொரூக் ஃபரோக்சாதும் எந்தப் பட்டம் வாங்கினார்கள் என்று கேட்கச் சிலர் வருவார்கள். வாங்கவில்லைதான். பட்டம் இருந்தால் கவிதை வரும் என்று நான் எங்கே சொன்னேன்? பட்டம் வாங்கினால் கவிதை போய்விடாது என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அந்த முட்செடிக் கவிதையைப் பாரசீகத்திலிருந்து நேராகத் தமிழாக்கி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். ‘ஆங்கிலம் வழித் தமிழில்’ என்று போட்டுவிட்டார்கள். திருத்தம் போடுங்கள் என்று எழுதினேன். பதிலுக்குச் சந்தா புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. புதுப்பிக்கவில்லை.