"ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று விற்கப்படும் ஐபமோரெலின், சிஜேசி-1295 போன்ற வளர்ச்சி ஹார்மோன் பெப்டைடுகளை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா? 99 சதவீதத் தூய்மைச் சான்று இருக்கிறதே?

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல. "அது வேலையே செய்யாது, ஏமாற்று" என்று சிலர் எழுதுவார்கள், அது சரியில்லை. நீங்கள் கேட்டிருக்கும் ஐபமோரெலினும் சிஜேசி-1295உம் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைப்பது உண்மைதான்.

பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோர்த்த குட்டிச் சங்கிலி) தயாரிக்கும் ஆய்வகத்தில் வேதியியலாளராக இருக்கிறேன். அதனால் விற்பவர் உங்களுக்கு அனுப்பிய அந்தச் சான்றிதழிலிருந்தே தொடங்குகிறேன்.

அதில் இருப்பது எச்பிஎல்சி வரைபடம், அதாவது கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவியின் வரைபடம். தட்டையான கோட்டின் நடுவே ஊசிமுனை போல ஒரு உச்சி. அதன் பரப்பு, எல்லா உச்சிகளின் மொத்தப் பரப்பில் 99 சதவீதம் என்றுதான் பொருள். அதாவது அந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரிந்தவற்றில் 99 சதவீதம். குப்பியில் உள்ள எடையில் அல்ல. இந்தப் பெப்டைடுகளைப் பிரித்தெடுக்கும்போது டிரைஃப்ளோரோஅசிட்டிக் அமிலம் உப்பாக ஒட்டிக்கொண்டு வரும். உறைய வைத்து உலர்த்திய பிறகும் கொஞ்சம் ஈரம் நிற்கும். 5 மில்லிகிராம் என்று ஒட்டிய குப்பியில் பெப்டைட் 4 மில்லிகிராம் மட்டுமே இருந்தாலும் வரைபடம் 99 என்றே காட்டும்.

இன்னொன்று. ஐபமோரெலினில் ஐந்தே அமினோ அமிலங்கள். அவற்றில் இரண்டு, இயற்கைப் புரதங்களில் வருவதற்கு நேர்மாறான 'டி' வடிவத்தில் இருக்க வேண்டும். வடிவம் மாறிப்போனாலும் மூலக்கூறின் எடை மாறாது. ஆகவே கூடவே அனுப்பும் நிறைமானி (மூலக்கூறின் எடையை அளக்கும் கருவி) அறிக்கை மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது.

எனக்கு உண்மையில் பயம் தருவது இதெல்லாம் இல்லை, எண்டோடாக்சின். சிலவகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலிருந்து உதிரும் பொருள். பாக்டீரியா செத்த பிறகும் அது இருக்கும். கருவிகளைக் கிருமி நீக்கும் சாதாரண ஆட்டோகிளேவ் நீராவிச் சூட்டுக்கு மசியாது. ரத்தத்தில் கலந்தால் குளிர்காய்ச்சல் முதல் ரத்த அழுத்தம் சரிந்துவிடும் அதிர்ச்சி நிலை வரை போகலாம். எச்பிஎல்சி வரைபடத்தில் அது தெரியவே தெரியாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு. குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு செய்வார்கள். செல்களிலும் எலிகளிலும் சோதிக்கப் போகும் தூளுக்கு எல்லா நேரமும் அதைச் செய்வதில்லை. "மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரியைச் சட்டத்துக்காகப் போட்ட சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். மனிதருக்கான சோதனைகள் நடக்காமலே குப்பி வெளியே வந்திருக்கலாம் என்பதற்கான வாக்குமூலம் அது.

சரி, நல்ல தரமான சரக்கே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். "நம் பிட்யூட்டரிதானே சுரக்கிறது, அதனால் பாதுகாப்பு" என்கிறார் உங்கள் ஜிம் நண்பர் (மூளையின் அடியில் இருக்கும் சுரப்பிதான் பிட்யூட்டரி). இதில் பாதி நியாயம் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. அலை அலையாக வரும், பெரிய அலை ஆழ்ந்த தூக்கத்தில். மூளையின் ஹைபோதாலமஸ் பகுதி அதை ஒரு ஹார்மோனால் தூண்டும், சோமாட்டோஸ்டேட்டின் என்ற இன்னொன்றால் அடக்கும். ஐபமோரெலின் போன்றவை கிரெலின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் வழியாகத் தூண்டுகின்றன (பசியைத் தூண்டும் அதே கிரெலின்தான், ஜப்பானில் 1999இல் எலியின் வயிற்றிலிருந்து கண்டுபிடித்தார்கள்). அடக்கும் கை அப்படியே இருப்பதால் வளர்ச்சி ஹார்மோனையே நேரடியாக ஊசி போடுவதைப் போல அளவு கட்டுமீறாது என்பது வாதம். ஆனால் சிஜேசி-1295இன் நீண்டகால வடிவம் ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் சுற்றும். ஒரு ஊசியில் ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் ஏறும்போது கூடவே ஏறும் இன்னொரு ஹார்மோன்) ஒரு வாரத்துக்கு மேல் உயர்ந்தே நின்றதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. இயற்கையான ஏற்ற இறக்கம் என்ற விளம்பரம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பலன் எவ்வளவு என்று பார்க்க, எம்கே-677ஐ எடுத்துக்கொள்ளலாம். பெப்டைட் அல்ல, மாத்திரை. ஆனால் அதே ஏற்பியைத்தான் தொடுகிறது, மனிதர்களிடம் நீண்ட நாள் சோதித்தும் இருக்கிறார்கள். 60 வயது தாண்டிய 65 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்தவர்களின் கொழுப்பற்ற எடை ஓராண்டில் சராசரியாக 1.1 கிலோ கூடியது. தசை பலம் கூடவில்லை. ரத்தச் சர்க்கரை சற்று ஏறியது, இன்சுலின் உணர்திறன் குறைந்தது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களிடம் நடந்த வேறொரு ஆய்வை, இதயச் செயலிழப்பு பற்றிய கவலையால் பாதியில் நிறுத்தினார்கள். கண்ணாடியில் தெரியும் மாற்றத்தில் ஒரு பகுதி வெறும் நீர்த் தேக்கம் என்பதையும் ஜிம்மில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வகையில் முறையான மருந்துகளே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். எச்ஐவி உள்ளவர்களுக்கு வயிற்றில் சேரும் கொழுப்பைக் குறைக்க டெசாமோரெலினுக்கு அமெரிக்காவில் 2010இல் அனுமதி கிடைத்தது. பெரியவர்களின் வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டைக் கண்டறிய மாசிமோரெலின் 2017இல் வந்தது. அந்த மருந்தைக் குடித்துவிட்டுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் போதும். ஐபமோரெலினையும் அறுவை சிகிச்சைக்குப் பின் முடங்கும் குடலுக்காக மருத்துவமனைகளில் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை.

நீங்கள் போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால் பதில் இன்னும் சுலபம்: இந்த வகை முழுவதும் வாடா என்ற உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் எப்போதும் தடைசெய்யப்பட்டது, போட்டி இல்லாத நாட்களிலும்.

ஏற்கெனவே போட ஆரம்பித்திருந்தால் நிறுத்துங்கள். விரல் வீக்கம், கை மரத்துப்போதல், மூட்டு வலி இருக்கிறதா என்று கவனியுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரி), ஐஜிஎஃப்-1 மூன்றையும் பார்க்கச் சொல்லி ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள். போகும்போது குப்பியையும் எடுத்துப் போங்கள். "ஏதோ சப்ளிமென்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெயர் தெரியாவிட்டால் ஐஜிஎஃப்-1 ஏன் ஏறியது என்று பிட்யூட்டரிக் கட்டியைத் தேடி ஸ்கேன் எடுக்க வைப்பார் அவர்.