வீட்டுக்குள் சின்னக் கற்றாழைகள்: கேள்வி – பதில்

கேள்வி: வெள்ளை வரி போட்ட ஹவோர்த்தியா என்ற சின்னக் கற்றாழை ஒன்றை உள்ளறை மூலையில் வைத்திருக்கிறேன். நிழலில் வளரும் என்று சொல்லித்தான் தந்தார்கள். மார்கழி மழையோடு அடி இலைகள் ஊறி, தொட்டாலே கழன்று வருகின்றன. கிழமைக்கு இரண்டு தரந்தான் தண்ணீர் விடுகிறேன்.
– வாசகி, மாங்குளம்

பதில்: அந்த இரண்டு தரமே கூடிப்போயிற்று. தென்னாபிரிக்காவில் இச்செடி பற்றைகளின் கீழும் கல்லிடுக்கிலும் வளர்வது. நேர்வெயில் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் பற்றையடியில் இருக்கும் வெளிச்சம் அறை மூலையில் இல்லை. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். மாரியில் காற்றும் ஈரம், சாடி மண் காயவே காயாது. வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது.

இன்றைக்கே கிளப்புங்கள். கறுத்து நசிந்த வேரையும் இலையையும் சுத்தமான கத்தியால், வெட்டிய இடம் வெள்ளையாய்த் தெரியும்வரை வெட்டுங்கள். காற்றுப்படும் நிழலில் 4–5 நாள் காயவிட்டு, உலர்ந்த கலவையில் நட்டு, இன்னும் ஒரு கிழமை தண்ணீர் காட்டாதீர்கள்.

கலவைக்கு, கழுவிய பருமணல் அல்லது மிளகளவாக உடைத்த ஓட்டுத்துண்டு 2 பங்கு, உமிக்கரி 1 பங்கு, தும்புத்தூள் 1 பங்கு. தும்புத்தூளில் உப்பிருக்கும்; மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும். வயல்மண்ணும் குளத்து வண்டலும் ஈரத்தை விடாது, அவற்றைத் தொடவே வேண்டாம். 3 அங்குல மண்சாடி போதும், துளை கட்டாயம். துளையில்லாச் சாடியின் அடியில் சல்லி போட்டால் சரி என்பார்கள். சரிவராது, தண்ணீர் சல்லிக்கு மேலே மண்ணிலேயே தங்கும்.

நாள் எண்ணித் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். ஒரு ஈர்க்கைச் சாடியின் அடிவரை குத்தி, ஐந்து நிமிடம் கழித்து இழுங்கள். மண் ஒட்டினால் பொறுங்கள். ஒட்டாவிட்டால் துளையால் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மாரியில் மூன்று கிழமைக்கு ஒருதரங்கூடப் போதுமாயிருக்கும்.

கேள்வி: வெளிச்சம் போதுமா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: நடுப்பகலில் செடி நிற்கும் இடத்தில் வெள்ளைத்தாள் விரித்து, ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். மங்கலாகவேனும் நிழல் விழுந்தால் போதும். கிழக்கு யன்னலிலிருந்து 2–3 அடி நல்ல இடம். இலை வெளிறி நீண்டு விரிந்தால் வெளிச்சம் காணாது. செம்மண்ணிறம் ஏறினால் வெயில் கூட. நீண்ட இலை திரும்பக் குறுகாது, புது இலையைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கச்சான் காற்றுக் காலத்தில் வளர்ச்சி நின்றுவிட்டது. பசளை போடலாமா?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: வேண்டாம். கடும் சூட்டில் ஹவோர்த்தியா ஓய்ந்துதான் இருக்கும். சூடு தணிந்து புது இலை தலைகாட்டியபின், பொதியில் சொன்னதன் கால்பங்கு அளவு கரைத்து ஒருதரம் விடுங்கள்.

கேள்வி: இலையில் வெள்ளையாய்ப் படிகிறது. பூச்சியா?
– வாசகர், வவுனியா

பதில்: நகத்தால் சுரண்டுங்கள். தூளாய் உதிர்ந்தால் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். இலையிடுக்கில் பஞ்சுபோல ஒட்டி, நசித்தால் பிசுபிசுத்தால் மாவுப்பூச்சி. 70 வீத ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, கிழமைக்கு ஒருதரமாக மூன்று கிழமை தொடருங்கள். வேரிலும் ஒளிந்திருக்கும், கிளப்பிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் யன்னலே சிறியது. எதை வைக்கலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: மருள். நம் பற்றைக்காட்டு மருளின் இனப்பெயரே சைலனிக்கா, சிலோன் என்பதிலிருந்து வந்தது. உயரம் வேண்டாமென்றால் அதன் உறவான குட்டை வகை ஹானி, அரையடிக்குச் சற்று மேல்தான் வளரும். மங்கல் வெளிச்சத்தில் வளர்ச்சி மந்தம்; ஈர்க்குச் சோதனை இதற்கும் உண்டு.