விசாரணை முடிந்த பின் என்ன?

கேள்வி: அமெரிக்க அதிபர் தமது அதிகார வரம்பை மீறினால், பதவி நீக்கத் தீர்மானம் தவிர அந்நாட்டு நாடாளுமன்றத்தால் வேறு என்ன செய்ய முடியும்? விசாரணைக் குழுக்களால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் விசாரணையில் தெரியவந்தது சட்டமாக மாறினால்தான் அந்தப் பயன் நிலைக்கும்.

சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1927-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. நிலவரம் தெரியாமல் சட்டம் இயற்ற முடியாது என்பதே அதற்குக் காரணம். 1973-இல் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் மேலவையான செனட், எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் அத்துமீறி நுழைந்த வாட்டர்கேட் விவகாரத்தை விசாரிக்க அமைத்த குழுவின் முன், வெள்ளை மாளிகையின் முன்னாள் அலுவலர் ஒருவர் சாட்சி சொன்னபோதுதான், அதிபர் நிக்சனின் உரையாடல்கள் ஒலிநாடாவில் பதிவாகிவந்தது வெளியே தெரிந்தது. அவர் 1974 ஆகஸ்டில் பதவி விலகியதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஆண்டுகளில் பிறந்த சட்டங்களை அவ்வளவாக நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே. ஒதுக்கப்பட்ட நிதியை அதிபர் தம் விருப்பப்படி முடக்கிவைப்பதை 1974-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு 1975-இல் உளவு அமைப்புகள் சொந்தக் குடிமக்களையே வேவு பார்த்ததை அம்பலப்படுத்த, அயல்நாட்டு உளவுக்கான கண்காணிப்புக்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1978-இல் வந்தது.

சட்டம் எழுதப்படும் விதமும் முக்கியம். 1976-ஆம் ஆண்டின் தேசிய நெருக்கடிநிலைச் சட்டம், அதிபர் அறிவிக்கும் நெருக்கடியை இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றி, அவருடைய கையொப்பம் இல்லாமலே முடித்துவைக்க வழி செய்திருந்தது. இத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் வேறொரு வழக்கில் கூறிவிட்டதால், இப்போது அதிபரின் ஒப்புதலோ, அவர் ஒப்புதல் மறுத்து வீட்டோ செய்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோ தேவைப்படுகின்றன. 2019-இல் எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த நெருக்கடியை இரு அவைகளும் எதிர்த்து வாக்களித்தும், வீட்டோவை முறியடிக்கப் போதிய வாக்குகள் கிடைக்காததால், அது தொடர்ந்தது.

எனவே, காங்கிரஸ் வாக்களித்து நீட்டிக்காவிட்டால் குறிப்பிட்ட நாட்களில் நெருக்கடி அறிவிப்பு தானாகக் காலாவதியாகும்படி அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அப்படித் திருத்தினால், பெரும்பான்மையைத் திரட்ட வேண்டிய பொறுப்பு, அதிகாரத்தைத் தடுக்க நினைப்பவர்களிடமிருந்து அதை நீட்டிக்க விரும்பும் அதிபரிடம் சென்றுவிடும்.